கணக்கு உதைக்க வேண்டும்

ஒதீல் முஞ்ஞியேயின் மேய்ச்சல் நிலத்தில்
எட்டு நாளாகத் துளையிடுகிறோம்.
மண், களிமண், மணற்பாறை, மறுபடி களிமண்.
உருளை உருளையாக மேலே வருவதை
மரப்பெட்டியில் அடுக்கி
விளிம்பில் ஆழம் எழுதுகிறான் எர்வே.
சிலதை மூக்கருகே கொண்டுபோய்
"பெட்ரோல் பங்க்" என்கிறான்.
முகர்ந்தேன். உண்மைதான்.
இரண்டரைக் கோடி வருடமாக
ஒரு வண்டியும் நிற்காத பங்க்.

கண்ணைச் சுற்றிச் செம்பழுப்பு வளையமிட்ட பசுக்கள்
வேலிக்கு அந்தப்பக்கம் நின்று மேற்பார்வை பார்க்கின்றன.
நேற்று ஒன்று தலையை நுழைத்து
நூற்றுப் பன்னிரண்டாம் மீட்டரை நக்கிவிட்டது.
பதிவேட்டில் எழுதினேன்:
ஈரம். காரணம், பசு.

இந்தப் புல்லுக்கு நேர் கீழே
தொண்ணூறு கிலோமீட்டர் வளையம் ஒன்று போகலாம்.
போகாமலும் இருக்கலாம்.
ஏரிக்கு அடியில், ஆர்வ் ஆற்றுக்கு அடியில்,
சலேவ் மலையைச் சுற்றிக்கொண்டு
இப்போதைக்கு அது தாளில்தான் ஓடுகிறது.

வியாழனன்று ஊர்மன்றத்தில் கூட்டம்.
பிளாஸ்டிக் நாற்காலிகள், காகிதக் கோப்பையில் ஆப்பிள் சாறு.
தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவீர்கள்,
எத்தனை லாரி, எந்தச் சாலை, எத்தனை மணிக்கு,
கரண்ட் செலவு யார் தலையில்.
எல்லாவற்றுக்கும் படம் வைத்திருந்தோம்.
கடைசியில் ஒதீல் எழுந்தார்,
கறவை நேரம் தப்புகிறதென்று
கோட்டை மாட்டிக்கொண்டே:
"என்ன கிடைக்கும்?"

அதற்குப் படமில்லை.

மைக் என் கையில் இருந்தது.
தெரியாது என்றேன்.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

எல்லைச் சாவடி வரிசையில் நிற்கும்போதுதான்
சொல்லியிருக்க வேண்டியது ஞாபகம் வந்தது.
கறந்த பால், விற்ற பால், கன்று குடித்த பால்,
மாதக் கடைசியில் கணக்கு உதைத்தால்
உங்களுக்குத் தூக்கம் போகும், ஒதீல்.
எங்களுக்கு உதைக்காததால் போகிறது.
எத்தனையோ வருடமாக
மோதலுக்கு மோதல் ஒத்துப்போகிறது.
ஆனால் ராத்திரி, தொழுவத்துக்கு வெளியே வந்து பாருங்கள்,
மேலே இருக்கும் எடையில் பெரும்பங்கு
எங்கள் பேரேட்டில் இல்லை.
யார் வரவு வைத்தார்கள் என்றும் தெரியவில்லை.

என் மொழியில் நிறை என்றால் எடை.
குறையில்லாததும் நிறைதான்.
துகளுக்கு நிறை வரும் வழியைக் கண்டோம், கைதட்டினோம்.
கொள்கையில் எது குறை என்று கேட்டால்
அது வாயைத் திறக்கவில்லை.

ஒருமுறை ஒரு வரைபடத்தில் சின்ன மேடு எழும்பியது.
என் எதிர் மேசை காதரீனா ஷ்டேட்லர்
மூன்று இரவு வீட்டுக்குப் போகவில்லை.
தரவு சேரச் சேர அது அமுங்கி
இஸ்திரி போட்ட வேட்டி ஆகிவிட்டது.
இப்போது சூரிக்கில், காப்பீட்டு நிறுவனத்தில் இருக்கிறாள்.
புத்தாண்டு வாழ்த்துக்கு அடியில் எழுதுவாள்:
ஏதாவது மேடு?

எலக்ட்ரான்கள் சுற்றத் தொடங்கினால்
எனக்கு எழுபது தாண்டியிருக்கும்.
புரோட்டான்களின் முறைக்கு நான் இல்லை.
யாரோ ஒருத்தி, இன்னும் பிறக்காதவள்,
பெருமூச்சோடு என் குறிப்புகளைப் புரட்டி
பசுவைப் படித்துச் சிரித்தால் போதும்.

இன்று மதியம் எந்திரத்தை நிறுத்திச்
சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.
ஒதீல் வந்தார், கையில் பாலாடைக்கட்டித் துண்டு.
"ஒன்றுமே இல்லாமலும் போகலாம், அப்படித்தானே?"
அப்படித்தான்.
"ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்ள எவ்வளவு ஆகும்?"
தொகையைச் சொன்னேன்.
மெல்ல விசிலடித்தார். பசுக்கள் திரும்பிப் பார்த்தன.

பிறகு, எர்வே தடுக்க வாயெடுப்பதற்குள்,
கூழாங்கல் ஒன்றைத் துளைக்குள் போட்டுவிட்டு
காதை வைத்துக் குனிந்து நின்றார்.
மெல்வதை நிறுத்தினோம்.
தேவைக்கு மேலேயே காத்திருந்தார்.

"கீழே சேறு" என்றான் எர்வே. "கேட்காது."

தலையாட்டினார்.
கேட்டுக்கொண்டவர் போலத்தான் இருந்தது.
அப்புறம் வேலியோரம் போய்,
அதைவிடப் பெரிதாக ஒன்றைத் தேடத் தொடங்கினார்.